பசி எண் பூஜ்யம்

கொல்லிமலையில் பசியை ஒழித்துவிட்டதாக உச்சத்திறன் மலைப் பயிற்சி நடுவம் அறிவித்த அன்று சுகுணாவுக்குப் பசித்தது. கொஞ்சநஞ்சப் பசி இல்லை. மேடையோரமாக நின்றிருந்தவளுக்கு வாசலில் வரவேற்புக்குக் கட்டியிருந்த வாழைத்தாரைப் பார்த்தே வாய் ஊறியது. அந்த மேடைக்கு அவள் எப்படி வந்து மாட்டினாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சுகுணா அதே மலையில் வளப்பூர் நாட்டுக்காரி. மிளகும் பலாவும் மரவள்ளியும் விளைகிற சரிவு. பஸ்ஸைத் தவறவிட்டால் குறுக்கு வழியில் இறங்கி ஓடி, அடுத்த வளைவில் அதே பஸ்ஸைப் பிடிக்கிற ஊர். அப்படிப் பிடித்துப் பிடித்தே அவள் ஓட்டக்காரி ஆனாள். கல்லூரிப் போட்டியில் நெடுந்தூர ஓட்டத்தில் முதலாவதாக வந்ததும் நடுவத்தார் தேடி வந்து சேர்த்துக்கொண்டார்கள். சேலத்தில் நடக்கவிருக்கும் மாநிலத் தேர்வுப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் தேசிய முகாம். அங்கிருந்து விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை. அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

நடுவத்தைக் கொல்லிமலையில் கட்டியதற்கு இயக்குநர் முருகானந்தம் ஒரு காரணம் வைத்திருந்தார். உயரமான இடம், காற்றில் பிராணவாயு குறைவு, குறைந்த காற்றில் ஓடிப் பழகியவர்கள் கீழே இறங்கினால் பறப்பார்கள் என்பார். பிறந்ததிலிருந்து சுகுணா அந்தக் காற்றைத்தான் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அதில் ஏதோ குறைகிறது என்று அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் கொஞ்சம் அதிகமாக மூச்சு வாங்கிப் பார்த்தாள்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. அவள் ஊர்க்காரர்கள் எல்லோரிடமும் உள்ளதுதான். பிறத்தியார் வீட்டுக்குப் போனால் "சாப்படறயா கண்ணு?" என்று கேட்பார்கள். "இல்லீங்க, இப்பத்தான் ஆச்சு" என்று சொல்ல வேண்டும். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாவிட்டாலும் அப்படித்தான். இரண்டாம் தடவை கேட்பார்கள். "வேண்டாமுங்க" என்று கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை கேட்கும்போது கையில் தட்டும் இருக்கும். அப்போது ஆமாம் சொல்லி உட்கார்ந்துவிடலாம். முதல் தடவையே ஆமாம் என்றால் சோற்றுக்கு அலைந்தவள் என்ற பெயர் வந்துவிடும். கேட்கிறவர்களுக்கும் கணக்குத் தெரியும் என்பதால் இதனால் அந்த ஊரில் யாரும் பட்டினி கிடந்ததில்லை. நடுவத்திலோ எதையும் ஒரே ஒரு தடவைதான் கேட்டார்கள்.

முதல் சில மாதங்கள் நன்றாகவே போயின. சமையல்காரர் அர்த்தனாரி பெரிய கரண்டி வைத்திருந்தார். களி, கொள்ளுக் குழம்பு, முட்டை, சாமைச் சோறு என்று கேட்கக் கேட்கப் போடுவார், கேட்காவிட்டாலும் போடுவார். ஓடி முடித்து, புல்லில் கொஞ்ச நேரம் கிடந்து, குளித்து, பசி வந்த பிறகு போய்ச் சாப்பிடுவார்கள். சுகுணாவின் கால் நாளுக்கு நாள் இலேசானது. இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருப்பதைச் சென்னையில் யாரோ கவனித்துவிட்டார்கள். நடுவத்தில் அறிவியல் போதாது என்று முடிவாகி, ஹார்மோன் அலுவலராகச் சுமித்ரா என்பவரை மலையேற்றி அனுப்பினார்கள்.

சுமித்ரா முதல் நாளே எல்லோரையும் மைதானத்தில் உட்கார வைத்துப் பேசினார்.

"உங்களுக்குப் பசிக்கிறது என்று நீங்களே முடிவு செய்துகொண்டிருந்த காலம் இன்றோடு முடிகிறது. பசி என்பது வயிற்றில் இல்லை. கிரெலின் என்ற ஹார்மோனில் இருக்கிறது. அது ஏறினால்தான் பசி. மன அழுத்தம் மனத்தில் இல்லை. கார்டிசால் என்ற ஹார்மோனில் இருக்கிறது. ரத்தத்தில் ஒன்றை எடுப்போம், எச்சிலில் ஒன்றை எடுப்போம். பசி எண், அழுத்த எண் இரண்டும் உங்கள் செல்போனுக்கு வந்துவிடும். அதைப் பார்த்து நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம்."

சுகுணாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இளமதி. மலைக்குக் கீழே புளியஞ்சோலையிலிருந்து வந்தவள், வாய் சும்மா இருக்காது. "அப்ப நம்மகிட்ட ஒண்ணும் கேக்கமாட்டாங்களாக்கும்?" என்றாள். அதற்கும் இடம் வைத்திருந்தார்கள். ஊசி குத்தும்போது ஒரே ஒரு கேள்வி கேட்கப்படும் என்றார் சுமித்ரா.

மறுநாள் ஏற்றத்தில் ஓடி, இறங்கி, மறுபடி ஏறி வந்தார்கள். ஓட்டம் முடிகிற கோட்டிலேயே சுமித்ரா ஊசியோடு நின்றார். ரத்தம் வாங்கிக்கொண்டு போகும் வண்டி பனி இறங்குவதற்குள் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி அடிவாரத்தில் காரவள்ளியில் இருக்க வேண்டும் என்று டிரைவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சுகுணா கோட்டைத் தொட்டதும் தரையில் சரிந்தாள். அந்த நேரத்தில் சோறு என்ற சொல்லைக் கேட்டாலே குமட்டும். ஓடுகிற யாருக்கும் அது தெரியும்.

"பசிக்கிறதா?" என்று கேட்டார் சுமித்ரா.

"இல்லீங்க மேடம்" என்றாள் சுகுணா. அப்போது பசியும் இல்லை, கேட்டதும் முதல் தடவை.

எண்கள் வந்தன. ஒருவருக்கும் பசி இல்லை. இயக்குநர் முருகானந்தம் பூரித்துப்போய்க் கூட்டம் போட்டார்.

"இவ்வளவு தூரம் ஓடியும் உங்களுக்குப் பசியே இல்லை! ரத்தமும் இல்லை என்கிறது, நீங்களும் இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் இத்தனை மாதமாகப் பசிக்காத பிள்ளைகளுக்கு அரசாங்கம் சோறு போட்டிருக்கிறது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. எனக்கும் அப்போது அறிவியல் தெரியாது. தெரியாத காலத்தில்கூட நான் சரியாகத்தான் இருந்தேன், தெரிந்த பிறகு இன்னும் சரியாக இருப்பேன்."

அன்றிலிருந்து சாப்பாட்டு அறை வாசலில் ஒரு மின்திரை வைத்தார்கள். முகத்தைக் காட்டினால் பசி எண்ணைப் பார்த்து எத்தனை கரண்டி என்று திரை சொல்லும். சுகுணாவுக்கு ஒரு கரண்டி வந்தது. அர்த்தனாரியின் பெரிய கரண்டியை வாங்கிக்கொண்டு ரசக் கரண்டி கொடுத்திருந்தார்கள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் ஊற்றினார்.

சுகுணா பயிற்சியாளர் பிரேமிடம் போனாள். ஒரு காலத்தில் நன்றாக ஓடியவர், இப்போது ஒப்பந்த வேலையில் இருப்பவர்.

"சார், ஓடி முடிச்சவொடனே யாருக்குங்க பசிக்கும்? வயிறு மூடிக்குமுங்க. கொஞ்சம் பொறுத்தாத்தானுங்க தெரியும். அப்பறம் வர்ற பசி ஆளையே திங்குதுங்க."

"எனக்குத் தெரியாதா சுகுணா? நானும் ஓடுனவந்தான். மேடத்துகிட்டச் சொன்னேன். அவங்களுக்கும் தெரியுது. ஓடுன ஓட்டத்துல கிரெலின் அமுங்கும், பொறவு ஏறும்னு அவங்களே படிச்சிருக்காங்க. ஆனா அது ஏறறதுக்குள்ள வண்டி மலை எறங்கீருதாம்."

"வண்டிய நிறுத்தி வெக்கலாமுங்களே?"

"டிரைவர் ஒத்துக்கமாட்டேங்கறாராம்" என்று சொல்லிவிட்டுப் பிரேம் விசிலைத் துடைக்க ஆரம்பித்தார்.

பசி போன வேகத்தில் அழுத்தம் வந்தது. கடுமையாக ஓடினால் கார்டிசால் ஏறும், அரை வயிற்றோடு ஓடினால் இன்னும் ஏறும். சுகுணாவின் அழுத்த எண் சிவப்பில் வந்தது. நடுவத்தின் வாசலில் "மன அழுத்தம் இல்லா வளாகம். மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பெரிய பலகை இருந்ததால் அவளை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

"உனக்கு என்ன கவலை?" என்றார் முருகானந்தம். முன்னால் ஒரு தட்டில் முந்திரி இருந்தது.

"ஒண்ணுமில்லீங்க சார்."

"கவலை இல்லாமல் கார்டிசால் எப்படி ஏறும்? நானும்தான் காலையிலிருந்து உழைக்கிறேன். எனக்கு ஏறுகிறதா?"

"உங்களுக்கும் எச்சி எடுத்தாங்களா சார்?" என்று கேட்டாள் சுகுணா. குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

முருகானந்தம் முந்திரியை வாயில் போடுவதை நிறுத்தினார். "எடுக்கச் சொல்கிற இடத்தில் இருப்பவன் நான். கொடுக்கிற இடத்தில் இல்லை. இதுதான் உன் பிரச்சினை. தேவையில்லாத சிந்தனை."

தேவையில்லாத சிந்தனைக்கு இரண்டு மருந்து எழுதினார். ஓடினால் மன அழுத்தம் குறையும் என்று எங்கோ படித்திருந்ததால், தினமும் கூடுதலாக ஒரு மலைச் சுற்று. இன்னொன்று, விடிந்ததும் சிரிப்புப் பயிற்சி. கூடுதல் சுற்றால் எண் இன்னும் ஏறியது. ஏறியதால் இன்னொரு சுற்று சேர்ந்தது. காலைப் பனியில் இருபது முப்பது பேர் கையைத் தூக்கிக்கொண்டு ஹா ஹா என்று கத்துவதை ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேலி வழியாகப் பார்த்துவிட்டு, பாவம் யார் பெற்ற பிள்ளைகளோ என்று போனார்கள். ஒரு நாள் இளமதி சிரித்துக்கொண்டே மயங்கி விழுந்தாள். மகிழ்ச்சியின் உச்சத்தை எட்டிய முதல் வீராங்கனை என்று அவளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

மயங்கியவளுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் ஓடவில்லை. ஆனாலும் ரத்தம் எடுத்தார்கள், ஓடாத உடம்பில் கிரெலின் தாறுமாறாக ஏறியிருந்தது. இளமதிக்குக் கூடுதல் சோறு கிடைக்கும் என்று சுகுணா சந்தோஷப்பட்டாள். மாறாக விளக்கம் கேட்டார்கள். ஓடாதவளுக்குப் பசிக்க என்ன நியாயம் இருக்கிறது என்பது கேள்வி. குற்றத்தின் பெயர் பசி ஒழுங்கீனம்.

இளமதி நேராகச் சுமித்ராவின் அறைக்கே போய்விட்டாள். "ஏனுங்க மேடம், ஓடுனாப் பசியில்லைங்கறீங்க. ஓடாட்டிப் பசிக்கக் கூடாதுங்கறீங்க. அப்ப நாங்க எப்பத்தானுங்க திங்கறது?"

"உணர்ச்சிவசப்படாதீர்கள்" என்றார் சுமித்ரா. "கார்டிசால் ஏறும்."

பிறகு பலா பழுக்கிற பருவம் வந்தது. வேலிக்கு வெளியே சரிவெல்லாம் மரங்கள். இளமதி வேலிக்கு அப்பாலிருந்து ஒரு பழத்தை உருட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தின்றார்கள். எதை வேண்டுமானாலும் மறைத்துத் தின்னலாம், கொல்லிமலைப் பலாவை மறைத்துத் தின்ன முடியாது. வாசனை மாடியில் இயக்குநர் அறைவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தது. அன்று சாப்பிட்டுவிட்டு ஓடியதால் பசி எண் இன்னும் இறங்கி, கரண்டி பாதியானது. வேலிக்கு வெளியே பழுக்கிற பலா வேலிக்கு உள்ளே மணக்கக் கூடாது என்று முருகானந்தம் சுற்றறிக்கை விட்டார். வாசனைத் தடுப்புக் குழு ஒன்று அமைந்து, அதன் உறுப்பினர்கள் மூக்கோடு வளாகத்தைச் சுற்றினார்கள். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் மரத்துக்குச் சாக்குப் போர்த்தச் சொல்லி ஆள் போனது. தோட்டக்காரர்கள் அந்த ஆளுக்குச் சுளை கொடுத்து அனுப்பினார்கள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட முடிகிறது. அடுத்ததை அப்படிச் சொல்ல முடியவில்லை. மாதா மாதம் வருவது சுகுணாவுக்கு நின்றுபோனது. ஒரு மாதம் பார்த்தாள், இன்னொரு மாதம் பார்த்தாள், பயந்துபோய்ச் சுமித்ராவிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். உடம்புக்குச் சோறு போதாமல் உழைப்பு மட்டும் கூடினால் அப்படி நிற்கும் என்று சுமித்ராவுக்குத் தெரியும். அவர் பேனாவை எடுத்துக்கொண்டார். பிறகு, "வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது. அடுத்த கூட்டத்தில் முருகானந்தம், "மகளிர் பிரிவில் மாதந்தோறும் ஏற்பட்டுவந்த பயிற்சி நாள் இழப்பு முற்றிலும் நீங்கியுள்ளது" என்று வாசித்தார். கை தட்டச் சொன்னார்கள். சுகுணா தட்டவில்லை. அன்றுதான் முதல்முறையாக அவளுக்கு இந்த ஆட்கள் மேல் கோபம் வந்தது.

ஓட்டமும் போனது. முன்பு யாரைத் தாண்டி ஓடினாளோ அவர்கள் முதுகையெல்லாம் இப்போது பார்த்துக்கொண்டு ஓடினாள். ஏற்றத்தில் கால் கல்லாகக் கனத்தது. பிரேம் கடிகாரத்தை அவளிடம் காட்டுவதை நிறுத்திவிட்டார். சேலம் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் முதல் மூன்று இல்லை, கடைசி மூன்றுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. போலீஸ் வேலை கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்துகொண்டே கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் விழா வைத்தார்கள். "பசியற்ற மலை" என்ற பெரிய பதாகையை மேடையில் கட்டினார்கள். சென்னையிலிருந்து ஓர் உயர் அதிகாரி வந்தார். வளைவுகளில் தலை சுற்றி வாந்தி எடுத்துவிட்டதால் அவர் வயிறு காலியாக இருந்தது. மேடைக்குப் பின்னால் அதிகாரிகளுக்குப் பிரியாணி தம்மில் இருந்தது. சுகுணாவையும் மற்றவர்களையும் விருந்தினர் முன்னால் மலையேற்றி இறக்கி ஓடவிட்டு, ரத்தம் எடுத்து வண்டியை அனுப்பிவிட்டு, வியர்வையோடு மேடையோரம் நிறுத்தினார்கள். ஓடி முடித்த கையோடு கேட்டிருந்தால் ஒரு சிக்கலும் வந்திருக்காது. ஆனால் அதற்கு நடுவே முருகானந்தம் பேசினார்.

ஹார்மோன் என்றால் என்ன என்று தொடங்கினார். தான் பிறந்த ஊர், படித்த பள்ளி, அங்கே பசியோடு படித்தது, அதனால்தான் இவ்வளவு உயர்ந்தது என்று போனார். "ஆகவே பசி ஒரு மனிதனை உயர்த்துகிறது. அந்தப் பசியைத்தான் நான் ஒழித்திருக்கிறேன்" என்றார். வெயில் ஏறியது. சுகுணாவின் வயிறு மெல்லத் திறந்தது. முதலில் ஒரு கிள்ளல், பிறகு ஒரு பிசைவு, பிறகு கண்ணில் பூச்சி பறந்தது. காற்று திரும்பி, பிரியாணி வாசனை நேராக அவள் மூக்குக்கு வந்தது. வாசனைத் தடுப்புக் குழு பிரியாணிப் பக்கம் போகவில்லை.

பேச்சின் முடிவில் முருகானந்தம் சுகுணாவை மைக்குக்கு முன்னால் இழுத்து நிறுத்தினார். கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"இப்போது நீங்களே கேளுங்கள். இந்த மலையின் மகள் சொல்லட்டும். பசிக்கிறதா?"

"இல்லீங்க" என்றாள் சுகுணா.

கைதட்டல். "கேட்கவில்லை, சத்தமாகச் சொல்! பசிக்கிறதா?"

"வேண்டாமுங்க... இல்லீங்க" என்றாள், கொஞ்சம் மெதுவாக.

இன்னும் பெரிய கைதட்டல். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மைக் கையில் இருக்கும்போது எந்த அதிகாரி இரண்டோடு நிறுத்துவார்? முருகானந்தம் அவள் தோளில் கை வைத்து, குரலைக் குழைத்து, "கடைசியாக ஒரே ஒரு முறை. மனதைத் தொட்டுச் சொல் அம்மா. பசிக்கிறதா?" என்றார்.

மூன்றாம் தடவை. அவளைக் கேட்காமலே அவள் உடம்பு பதில் சொல்லிவிட்டது.

"ஆமாங்க" என்றாள் சுகுணா. மைக் அதை மலை முழுக்கக் கொண்டுபோனது. "பசிக்குதுங்க. ரொம்ப நாளாப் பசிக்குதுங்க சார்."

பின்வரிசையில் இளமதி, "எனக்குந்தானுங்க" என்று கத்தினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, இன்னொருவன். முருகானந்தம் மைக்கைத் தட்டிப் பார்த்து, "ஒலிபெருக்கியில் கோளாறு" என்றார். உயர் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "பிள்ளைகள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. எனக்கும் பசிக்கிறது" என்று சொல்லி மேடைக்குப் பின்னால் போனார். எல்லா அதிகாரிகளும் அவர் பின்னால் போனார்கள். ஓடியவர்கள் திரை முன்னால் முகத்தைக் காட்ட வரிசையில் நின்றார்கள்.

மாலைக்குள் சுகுணாவை நீக்கிவிட்டார்கள். விருந்தினர் முன்னிலையில் பசி ஒழுங்கீனம். பசி குணமான பிறகு திரும்பி வரலாம் என்று சுமித்ரா சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிரேம் பஸ் நிற்கிற இடம்வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நடுவத்துப் பேர்ல நீ ஓட முடியாது. ஆனா போட்டி எல்லாருக்கும் பொதுவானது, தனியாப் பேர் குடுத்து ஓடலாம். இருக்கற நாள்ல நல்லாத் தின்னு. அப்பறம் ஓடு."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே சார்."

பிரேம் பையை அவளிடம் கொடுத்தார். பஸ் வந்துவிட்டது.

வளப்பூர் நாட்டில் அவள் தன் ஊர் நிறுத்தத்தில் இறங்கினாள். நிறுத்தத்தை ஒட்டி மயிலம்மாள் வீடு. சொந்தமில்லை, ஊரே அக்கா என்று கூப்பிடுகிறவள். களி கிண்டிக்கொண்டிருந்தவள் வாசலில் நிழல் தட்ட நிமிர்ந்து பார்த்தாள்.

"அட, சுகுணாவா? வா சாமி. உங்கம்மா காட்டுல இருக்குது. சாப்படறயா கண்ணு?" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டு, வழக்கமான பதிலுக்குக் காத்திராமல் மறுபடி களியில் துடுப்பைப் போட்டுக் கிண்டினாள்.

"ஆமாங்க அக்கா" என்றாள் சுகுணா.

துடுப்பு நின்றது. மயிலம்மாள் திரும்பி அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். கழுத்தெலும்பைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள். முதல் கேள்விக்கே ஆமாம் சொல்கிற ஒருத்தியை அவள் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஒரு பெரிய உருண்டையை எடுத்துத் தட்டில் வைத்துக் குழம்பை ஊற்றி முன்னால் தள்ளினாள்.

சுகுணா பாதி உருண்டையை விழுங்கியிருப்பாள். செல்போன் அதிர்ந்தது. காலையில் எடுத்த ரத்தத்தின் முடிவு. நீக்கிய விஷயம் இன்னும் செல்போனுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. "உங்கள் பசி எண் பூஜ்யம். வாழ்த்துகள்!" என்று பூங்கொத்துப் படத்தோடு வந்திருந்தது.

"என்ன கண்ணு அது?" என்றாள் மயிலம்மாள்.

"எனக்குப் பசியில்லையாமுங்க அக்கா."

"ஆரு சொன்னா?"

"மிஷினுங்க. ரத்தத்தப் பாத்துச் சொல்லுதுங்க."

மயிலம்மாள் அடுத்த உருண்டையைத் தட்டில் போட்டாள்.

"அந்த ரத்தத்துகிட்ட எத்தன தடவ கேட்டாங்களாம்?"

சுகுணா தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். வாய் நிறையக் களி இருந்தது.